கிரானை உள்ளே வைத்தால் போதுமா?

டாக்கரில் வேலை பார்ப்பவர்களிடையே புழங்கும் வாதம் இது: “குறித்த நேரத்துக்கு ஸ்கிரிப்ட் ஓடணுமா? இமேஜில் கிரானைப் போடு, கிரான்டேப்பில் ஒரு வரி எழுது. சர்வரில் இத்தனை வருஷம் ஓடியதுதானே, இங்கேயும் ஓடும்.”

சர்வரில் ஓடியது உண்மை. டெபியனில் உள்ள கிரான், 1987-ல் பால் விக்ஸி எழுதிய நிரலின் வழிவந்தது. அது வளர்ந்த யூனிக்ஸ் இயந்திரங்களில் மெயில் சேவை இருந்தது, சிஸ்லாக் இருந்தது, நேர மண்டலத்தை யாரோ ஒருவர் சரியாக அமைத்து வைத்திருந்தார். கன்டெய்னர் என்பது இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவது. வாதம் தடுக்கி விழுவதும் அந்த இடங்களில்தான்.

“கையால் ஓட்டினால் ஓடுகிறதே, கிரானிலும் ஓடும்” என்பது முதல் நம்பிக்கை. கம்போஸ் கோப்பில் எழுதும் என்விரான்மென்ட் வேரியபிள்கள் கன்டெய்னரின் முதல் ப்ராசஸுக்குப் போய்ச் சேர்கின்றன. டெபியன் கிரான் அவற்றைத் தன் வேலைகளுக்குக் கடத்துவதில்லை. ஹோம், ஷெல், குட்டையான ஒரு பாத் என நாலைந்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறது.

ராத்திரி பேக்கப்பை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை பிஜி-டம்ப் கொண்டு எடுத்து, பைப் வழியாக ஜிஜிப்பில் சுருக்கி, தேதி போட்ட கோப்பில் சேமிக்கும் சின்ன ஸ்கிரிப்ட். ஹோஸ்ட் பெயரும் பாஸ்வேர்டும் என்விரான்மென்ட் வேரியபிள்களில் இருக்கின்றன. கிரான் ஓட்டும்போது அவை காணாமல் போக, டம்ப் தோற்கிறது. ஜிஜிப்போ தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட் கோப்பு ஒன்றை எழுதிவிட்டு வெற்றி என்று சொல்கிறது. பைப்பின் கடைசிக் கட்டளை வென்றால் முழு வரியும் வென்றதாகவே ஷெல் இயல்பாக எடுத்துக்கொள்ளும். டைரக்டரியில் தினமும் ஒரு கோப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். அளவைப் பார்க்காதவருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்.

“தப்பு நடந்தால் லாகில் தெரிந்துவிடும்” என்பது அடுத்தது. எந்த லாகில்? டாக்கர் லாக்ஸ் காட்டுவது முதல் ப்ராசஸின் வெளியீட்டை. கிரான் தன் வேலைகளின் வெளியீட்டைத் திரட்டி மெயிலாக அனுப்பப் பார்க்கும். மெயில் அனுப்பும் நிரல் இல்லையென்றால் வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்த செய்தியை சிஸ்லாகுக்குச் சொல்லும். கன்டெய்னரில் பெரும்பாலும் சிஸ்லாகும் கிடையாது. ஆக, பிழையும் போகிறது, பிழை போன தகவலும் போகிறது.

“சொன்ன நேரத்துக்கு ஓடும்” என்பதிலும் ஓட்டை உண்டு. அதிகாரப்பூர்வ இமேஜ்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில்தான் வருகின்றன. அதிகாலை 2 மணி என்று எழுதினால், இந்திய நேரப்படி காலை 7.30-க்கு ஓடும். நேர மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் கன்டெய்னர் நின்றிருந்தால், தவறிப்போன வேலையைக் கிரான் பிறகு தேடிப் பிடித்து ஓட்டாது.

கடைசி நம்பிக்கைதான் ஆபத்தானது: “ஆப்போடு கிரானும் ஒரே இமேஜில் இருந்தால் நிர்வாகம் சுலபம்.” கூட்டம் கூடி ஆப்பை மூன்று பிரதிகளாக்கினால் கிரானும் மூன்றாகும், அதன் வேலை நினைவூட்டல் அனுப்புவதென்றால் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே நினைவூட்டல் மூன்று முறை போகும். புதிய பதிப்பு ஏற்றும்போதும் சிக்கல். கன்டெய்னரை நிறுத்துகையில் டாக்கர் முதல் ப்ராசஸுக்கு மட்டும் சிக்னல் கொடுத்து, இயல்பாக 10 விநாடி காத்திருந்து, பிறகு அடியோடு கொன்றுவிடும். பாதியில் இருக்கும் கிரான் வேலைக்கு முன்னறிவிப்பு வராது.

இதை வைத்து, கன்டெய்னருக்குள் கிரானே கூடாது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியல்ல. நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளின் டாக்கர் எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்: அதே இமேஜிலிருந்து இரண்டாவதாக ஒரு கன்டெய்னர், அதன் ஒரே வேலை பிசிபாக்ஸின் கிரானை முன்னணியில் ஓட்டி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணிப் பணிகளை முடிப்பது. ஆப்பை எத்தனை பிரதியாக்கினாலும் கிரான் ஒன்றாகவே இருக்கும். வெளியீடும் நேராக டாக்கர் லாக்ஸுக்கு வருகிறது. இதற்கென்றே எழுதப்பட்ட சூப்பர்கிரானிக் என்ற நிரலும் உண்டு. அது என்விரான்மென்ட் வேரியபிள்களை அப்படியே கடத்துகிறது, ரூட் உரிமை கேட்பதில்லை. ஒற்றை சர்வர்தான் என்றால், ஹோஸ்டின் கிரானிலிருந்தே அந்தந்த நேரத்துக்கு டாக்கர் ரன் கொடுத்து, வேலை முடிந்ததும் கன்டெய்னரை நீக்கிவிடலாம்.

குபர்னெட்டிஸில் இருப்பவர்களுக்கு கிரான்ஜாப் இருக்கிறது. 2021-ல் வந்த 1.21 பதிப்பில் அது நிலைபெற்றது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடங்காதே என்று அதில் கட்டளையிட முடியும், நேர மண்டலத்தையும் குறிக்க முடியும். அதன் ஆவணமே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது: அபூர்வமாக ஒரே வேளைக்கு இரண்டு வேலைகள் கிளம்பலாம், அல்லது ஒன்றுமே கிளம்பாமல் போகலாம். அதனால் நினைவூட்டல் அனுப்பும் ஸ்கிரிப்ட், இன்றைக்கு இவருக்கு ஏற்கெனவே போய்விட்டதா என்று டேட்டாபேஸில் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். எந்தக் கிரானை எங்கே வைத்தாலும் அந்தச் சரிபார்ப்பை ஸ்கிரிப்டில்தான் எழுதியாக வேண்டும்.