சல்மான் கான் வழக்கும் ஒரு ரத்தக் குப்பியும்

ஒரு நடிகர் மேல கேஸ் வந்தா நம்ம டைம்லைன் ரெண்டா பிரிஞ்சிடும். "எங்க அண்ணன் சொக்கத் தங்கம்" ஒரு பக்கம், "தூக்குல போடு" இன்னொரு பக்கம். மூணாவது நாள் ரெண்டு பக்கமும் அடுத்த பரபரப்புக்குப் போயிடும். கேஸ் மட்டும் பத்துப் பதினைஞ்சு வருஷம் கோர்ட்டுல கிடக்கும்.

அந்தப் பத்து வருஷத்துல ஒரு வழக்குக்கு என்ன ஆகுதுன்னு அரசு மருத்துவமனை கேஷுவால்டியில உட்கார்றவனுக்குக் கொஞ்சம் தெரியும். அதைத்தான் இங்க எழுதறேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வழக்கையே எடுத்துக்குவோம். 2002 செப்டம்பர் 28, விடியறதுக்கு முந்தின இருட்டு. மும்பை பாந்த்ராவில் ஒரு பேக்கரி வாசல் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது ஒரு டொயோட்டா லேண்ட் க்ரூஸர் ஏறியது. ஒருவர் இறந்தார். நான்கு பேருக்குக் காயம். வண்டி சல்மான் கானுடையது.

2015 மே 6-ஆம் தேதி செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடம் சிறைத் தண்டனை கொடுத்தது. தீர்ப்பின் முழு நகல் கைக்கு வரவில்லை என்ற காரணத்தில் அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் இரண்டு நாள் இடைக்கால ஜாமீன் கிடைத்தது. மே 8-ல் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. டிசம்பர் 10-ல் உயர் நீதிமன்றம் அவரை முழுமையாக விடுவித்தது. மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது.

அன்னிக்கு வண்டியை ஓட்டினது யார்னு தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. கோர்ட் விடுவிச்சிருக்கு, அது அப்படியே இருக்கட்டும். ஆனா ஏன் விடுவிச்சாங்கன்னு பார்த்தா, அதுல பாதி எங்க டிபார்ட்மென்ட் சமாச்சாரம்.

ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கோங்க. சம்பவத்தன்று அவரை மும்பை ஜே.ஜே. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 62 மில்லிகிராம் ஆல்கஹால் என்று தடயவியல் அறிக்கை வந்தது. நம்ம நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுபவருக்கு உச்ச வரம்பு 30 மில்லிகிராம். பேப்பர்ல படிக்கிறவங்களுக்கு அதோட முடிஞ்சுது: "இரட்டிப்பு இருக்கே, அப்புறம் என்ன?"

அப்புறம்தான் எல்லாமே இருக்கு. எடுக்கும்போது ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கக் கூடாது, ஏன்னா ஸ்பிரிட்டே ஆல்கஹால். குப்பியில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கணும். அது இல்லாமல் சூட்டில் கிடந்தால் கிருமிகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்துப் புதிதாக ஆல்கஹாலை உண்டாக்கலாம். மூடி சரியில்லை என்றால் இருந்த ஆல்கஹால் ஆவியாகவும் போகலாம். குப்பியை அரக்கு வைத்து சீல் பண்ணணும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, எந்த போலீஸ்காரரிடம் கொடுத்தார், ஸ்டேஷனில் ஃப்ரிட்ஜில் இருந்ததா மேசை மேல் இருந்ததா, லேபுக்கு யார் கொண்டுபோனார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். நடுவில் ஒரு கை விட்டுப்போனால், "லேபில் பரிசோதித்த ரத்தம் அவருடையதுதான்" என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

இந்த வழக்கில் அந்தச் சங்கிலி சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. டாக்டராக எனக்கு இதில் சண்டை எதுவும் இல்லை. அப்படி ஒரு குப்பியை வைத்து யாரையும், எந்தக் கூலித் தொழிலாளியையும்கூட, ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. "சட்டம் விலைபோச்சு"ன்னு அன்னிக்கு ஸ்டேட்டஸ் போட்டவங்க யாரும் இந்தப் பகுதியைப் படிச்சிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

ஆனா வழக்கோட இன்னொரு பாதி ஒரு மனுஷன்.

சல்மானுக்குப் பாதுகாப்புக்காக மும்பை போலீஸ் கொடுத்திருந்த ஒரு கான்ஸ்டபிள் அன்று வண்டியில் இருந்தார். எஃப்.ஐ.ஆர். அவர் கொடுத்த புகாரில்தான் பதிவானது. வழக்கின் உயிர்நாடிச் சாட்சி. பிறகு நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று 2006-ல் அவர் மேலேயே வாரண்ட். கைதாகிச் சிறைக்குப் போனார். வேலை போனது. 2007 அக்டோபரில் மும்பை சிவ்ரி காசநோய் மருத்துவமனையில் இறந்தார்.

அவர் ஏன் வரலைங்கிறதுக்கு நிறைய கதை உலாவுது. எனக்குத் தெரியாத கதைக்குள்ள நான் போகலை. ஆனா டி.பி. எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாச மாத்திரையில் குணமாகும் நோய், அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். அதுல ஒருத்தர் செத்துப்போறார்னா, நுரையீரலை மட்டும் பார்த்துட்டுப் போயிட முடியாது. சாப்பாடு, தங்க இடம், வேலை, "மாத்திரை போட்டியா"ன்னு கேட்க ஒரு ஆள், இதுல எதெது இல்லாம போச்சுன்னு கேட்கணும். நாட்டிலேயே பரபரப்பான ஒரு வழக்கின் முக்கியச் சாட்சிக்கு அந்தக் கதி.

அவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சி சொல்லியிருந்தார். அப்போது வழக்கு அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த பிரிவில் நடந்தது. அதிகபட்சம் இரண்டு வருடம். பிறகு வழக்கு பத்து வருடம் வரை தண்டனை உள்ள பிரிவுக்கு மாறி, செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய், 2014-ல் விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. அவர் இறந்து ஏழு வருஷம் ஆச்சு. பழைய சாட்சியத்தைப் புது விசாரணையில் ஏற்றுக்கொண்டது சரியில்லை, பெரிய பிரிவில் அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு எதிர்த்தரப்புக்குக் கிடைக்கவே இல்லை என்றது உயர் நீதிமன்றம். முதல் புகாரில் குடி பற்றிச் சொல்லாமல் சில நாள் கழித்துச் சொன்னதையும் சுட்டிக்காட்டியது. வண்டியில் இருந்த பாடகர் கமால் கானை அரசுத் தரப்பு விசாரிக்காததையும் குறையாகச் சொன்னது. நடுவில், 2015-ல், சல்மானின் டிரைவர் வந்து "நான்தான் ஓட்டினேன்" என்று சாட்சி சொன்னார். சம்பவம் நடந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்!

"காசு இருந்தா ஜட்ஜையே வாங்கிடலாம்"னு டீக்கடையில பேசுவோம். இந்த வழக்கை விளக்க அந்தக் கற்பனையே தேவையில்லை. பேரும் பணமும் இருந்தா நேரம் கிடைக்குது. எந்தப் பிரிவு பொருந்தும்னு கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகலாம், வரலாம். எல்லாமே சட்டப்படி, எல்லாமே அவங்க உரிமை. அதுக்குள்ள குப்பி பழசாகும், நினைவு மங்கும், சாட்சி செத்துப்போவார். கடைசியில் நேர்மையான ஒரு நீதிபதி கைக்கு ஓட்டை விழுந்த ஃபைல் ஒன்று வந்து சேரும். அவர் சட்டப்படி விடுவிப்பார். வேற என்ன பண்ண முடியும் அவரால?

"அப்போ பிரபலம்னா தப்பிச்சிடலாமா?"ன்னு கேட்டா, அதுவும் அப்படியே உண்மை இல்லை. நம்ம ஊரு எம்.கே.டி.யைப் பாருங்க. 1944 நவம்பர்ல சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு, மறுநாள் ஜி.ஹெச்.சில் இறந்தார். அடுத்த மாதமே தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் தீபாவளிக்குத் தீபாவளி ஓடிக்கொண்டிருக்க, படத்தின் நாயகன் ஜெயிலில் இருந்தார். 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். பாகவதர் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 1959-ல் இறந்தபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தோட மிகப்பெரிய நட்சத்திரத்தையே அந்தப் புகழ் சிறைக்கு வெளிய வெச்சிருக்க முடியலை. ஆனா லண்டன் வரைக்கும் போய்க் கேட்க அவங்களால முடிஞ்சுது. அதே தப்பான தீர்ப்பு ஒரு ரிக்‌ஷாக்காரருக்கு வந்திருந்தா? ஆயுள் முழுக்க உள்ளேதான் இருந்திருப்பார், நமக்குப் பேருகூடத் தெரிஞ்சிருக்காது.

அந்த ரிக்‌ஷாக்காரர்களை நாங்க இப்பவும் பார்க்கிறோம். அரசு மருத்துவமனையில் கைதிகள் வார்டுன்னு ஒண்ணு இருக்கும். வாசலில் துப்பாக்கியோட ஒரு போலீஸ்காரர். "என்ன கேஸுப்பா?"ன்னு கேட்டா, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க சார்"னு பதில் வரும். 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நாலுல மூணு பேர் மேல குற்றம் இன்னும் நிரூபணமாகலை. அவங்களுக்கும் நேரம் நிறையக் கிடைக்குது, ஆனா கம்பிக்கு உள்ள.

தண்டனை வந்த அன்னிக்கு, 2015-ல, சாலையில் தூங்குறவன் நாய் மாதிரிதான் சாவான்ங்கிற அர்த்தத்தில் பாடகர் அபிஜீத் ஒரு ட்வீட் போட்டார். கடும் எதிர்ப்பு வந்தது. நடைபாதையில் தூங்குறவன் காலை நாங்க தைக்கிறோம் சார், அவன் ஏன் அங்க தூங்குறான்னு கொஞ்சம் தெரியும். வேலை செய்ற கடைக்குப் பக்கத்துல வாடகை கொடுக்க முடியாத சம்பளம், அவ்வளவுதான் காரணம்.

சரி, என் மேசைக்கு வர்றேன். விபத்து, அடிதடி, குடி எது வந்தாலும் ட்யூட்டி டாக்டர் முதலில் எழுதுறது ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர். ஏ.ஆர்.னு சொல்லுவோம். யார் கூட்டிட்டு வந்தாங்க, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டதா சொல்றாங்க, எந்தக் காயம் எந்த இடத்துல, குடி வாடை இருக்கா. ராத்திரி ரெண்டு மணிக்கு, வெளிய பத்துப் பேர் கத்திக்கிட்டு இருக்கும்போது எழுதுறது. அஞ்சாறு வருஷம் கழிச்சு, நாம வேற மாவட்டத்துக்கு மாறினப்புறம், அந்தப் பக்கத்துக்காக சம்மன் வரும். கூண்டுல நிக்கும்போது நோயாளி முகம் ஞாபகம் இருக்காது. கையில இருக்கிறது அந்த நாலு வரிதான்.

அந்த நாலு வரிக்குத்தான் போன் வரும். சினிமா நட்சத்திரம் எல்லாம் வேண்டாம், ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளோட பையன்னாலே போதும். பேஷண்ட் வர்றதுக்கு முன்னாடியே போன் வந்துடும். "டாக்டர், வேற ஒண்ணுமில்லை, வாடை மட்டும் எழுதாதீங்க." இல்லைன்னா, "கொஞ்சம் லேட்டா ரத்தம் எடுங்களேன்." கேட்கிறவங்களுக்கு விவரம் தெரியும். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் வரை குறையும். குடித்து ஓட்டியதற்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்றதும் அதனாலதான்.

2024 மே மாதம் புனேவில் போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கு ஞாபகம் இருக்கும். கார் ஓட்டியதாகச் சொல்லப்படும் பதினேழு வயதுப் பையனுக்கு, 300 வார்த்தைக் கட்டுரை எழுதணும்ங்கிற நிபந்தனையோட முதல்ல ஜாமீன் கிடைத்ததை எல்லாரும் கிண்டலடிச்சோம். எனக்கு வயித்தைக் கலக்கினது வேற. அரசு மருத்துவமனையிலேயே ரத்த மாதிரி மாற்றப்பட்டதாகப் போலீஸ் குற்றம் சாட்டி, டாக்டர்களையே கைது செய்தது. வழக்கு நடக்குது, முடிவு கோர்ட் சொல்லட்டும். ஆனா அந்தக் குற்றச்சாட்டு உண்மைன்னா, இதுக்குப் பதினைஞ்சு வருஷம் காத்திருக்கவே வேண்டியதில்லை, முதல் நாள் காலையிலேயே வேலை முடிஞ்சது.

அதனால, அடுத்து ஒரு நடிகரோ பாடகரோ கிரிக்கெட் வீரரோ மாட்டும்போது "ஜாமீன் கிடைச்சுதா, ஜெயில்ல என்ன சாப்பாடு"ங்கிற செய்தியைக் கொஞ்சம் ஓரமா வைங்க. ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க, சாட்சி யார், அவர் இப்போ எங்க இருக்கார்னு கேளுங்க. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தாச்சு. உங்க மாவட்டத்துல எத்தனை பேருக்கு அது கிடைச்சிருக்குன்னு ஒரு ஆர்.டி.ஐ. போட்டுப் பாருங்களேன்.

உங்க வீட்டு ஆளுக்கே விபத்துன்னா, பதட்டத்துலயும் இதை மறக்காதீங்க. முதல்ல உயிர், மத்ததெல்லாம் அப்புறம். நிலைமை சீரானதும் ஏ.ஆர். நம்பரைக் கேட்டு வாங்கிப் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பேர், நேரம், எந்த வண்டி மோதினது, யார் கொண்டு வந்தாங்க, இதெல்லாம் நீங்க சொன்ன மாதிரி பதிவாகியிருக்கான்னு ட்யூட்டி டாக்டர்கிட்ட மரியாதையா கேளுங்க. கேட்டா கோபப்பட மாட்டோம். சரி, சிலர் கோபப்படுவாங்க, பரவாயில்லை, கேளுங்க. முதலுதவி தனியார் ஆஸ்பத்திரியில நடந்திருந்தா அந்தச் சீட்டையும் பத்திரமா வைங்க. மோதினவர் குடிச்சிருந்த மாதிரி தெரிஞ்சா, அவரை உடனே பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஸ்டேஷன்ல எழுத்துல கொடுத்து, ரசீது வாங்குங்க. காலையில பார்த்துக்கலாம்னு சொல்லுவாங்க. ராத்திரியே கொடுங்க.