கோட்டைப் படமாக்காதீர்கள்

கோத்தா திங்கியில் வீட்டுச் சமையலறையை நீட்டிக் கட்டப்போகிறீர்களா? வரைவாளர் அனுப்பிய பிடிஎஃப் கோப்பை 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். கோடு படிக்கட்டுபோல் உடைந்தால், உள்ளே இருப்பது கோடல்ல. புள்ளிகளால் ஆன வெறும் படம்.

உண்மையான கோட்டுக்கு முனைகளின் இடமும் தடிமனும் மட்டுமே கோப்பில் பதிவாகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி அதைப் புதிதாக வரைந்துகொள்ளும். படத்தில் அது நடக்காது. அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் ஒரு புள்ளியின் அகலம் 0.17 மில்லிமீட்டர். வரைபடத்தின் மெல்லிய கோடே 0.18தான்! சாய்கோடு எப்படி நேராக நிற்கும்? சின்ன எழுத்தில் 3 கூட 8 ஆகத் தெரியும். கொத்தனார் அதை நம்பித்தான் சுவர் எழுப்புவார்.

அச்சிட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால் வாங்காதீர்கள். வரைந்த மென்பொருளிலிருந்தே நேராகப் பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள். ரெவிட்டில் நிழல் சேர்த்தால் கோடும் படமாகிவிடும். அழகுக்குச் சேர்த்த அந்த நிழலை அளவுப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வரைவாளர் முணுமுணுக்கட்டும்.