சாட்ஜிபிடி காலத்தில் மவுசு கூடும் ‘நாலெட்ஜ் கிராஃப்’: பல்கலைக்கழகத்தில் எடுத்துப் படிக்கலாமா?

‘நம்ம சாட்பாட் ஏன் இப்படி உளறுது?’ என்று மேனேஜர் கேட்பதும், அடுத்த மீட்டிங்கில் யாராவது ஒருவர் ‘நாலெட்ஜ் கிராஃப் போட்டா சரியாயிடும்’ என்று சொல்வதும் ஐ.டி. அலுவலகங்களில் இப்போது சகஜமாகிவிட்டது. இன்னொரு பக்கம், முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனி, நெதர்லாந்து என்று விண்ணப்பிப்பவர்கள் விருப்பப் பாடப் பட்டியலில் இதே பெயரைப் பார்த்துவிட்டு, ‘இதை எடுக்கலாமா, இல்ல டீப் லேர்னிங்கே போதுமா?’ என்று குழம்புகிறார்கள்.

குழம்புவதில் தப்பில்லை. பெயர்தான் புதிது, பாடம் பழையது. ‘செமான்டிக் வெப்’ என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தப்பட்டு வருகிறது. நடுவில், ‘இது போணியாகாத சரக்கு’ என்று பலர் கைகழுவிய பாடமும் இதுதான்.

அது என்ன கிராஃப்?

‘சென்னை – மாநிலம் – தமிழ்நாடு’. இப்படி மூன்று சொற்களில் அடங்கும் ஒரு தகவல்தான் இதன் அடிப்படைச் செங்கல். எழுவாய், உறவு, செயப்படுபொருள். இந்த வடிவத்துக்குப் பெயர் ஆர்டிஎஃப். கோடிக்கணக்கான செங்கற்களைக் கோத்தால் கிடைக்கும் வலைதான் நாலெட்ஜ் கிராஃப். கேட்க எளிதாக இருக்கிறதா? சிக்கல், ‘சென்னை’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

எந்தச் சென்னை? மாநகரமா, மாவட்டமா, மக்களவைத் தொகுதியின் பெயரில் வருவதா, சேப்பாக்கத்தில் ஆடும் கிரிக்கெட் அணியா? நகரத்தின் பெயர் 1996-ல் மாறிவிட்டது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரில் இன்னும் ‘மெட்ராஸ்’ இருக்கிறது, ஐஐடியிலும் இருக்கிறது. ‘மெட்ராஸ்’ வரும் இடமெல்லாம் ‘சென்னை’ என்று மாற்றச் சொல்லி கணினிக்கு உத்தரவிட்டால், இல்லாத நிறுவனங்களை உருவாக்கிவிடும்.

அதனால்தான் இங்கே சொல்லை நம்புவதில்லை; ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். விக்கிடேட்டாவில் சென்னை மாநகரத்தின் எண் கியூ1352. மெட்ராஸ், சென்னை, எந்த மொழியில் எழுதினாலும் அந்த எண்ணுக்கு வந்து சேர வேண்டும். மருத்துவத்திலும் இதே கதைதான். ஒரு டாக்டர் ‘மாரடைப்பு’ என்பார், இன்னொருவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்பார், மூன்றாமவர் ‘எம்.ஐ.’ என்று கிறுக்கிவிட்டுப் போவார். ஸ்னோமெட் சிடி என்ற சர்வதேச மருத்துவச் சொல் தொகுப்பில் மூன்றுக்கும் ஒரே எண்: 22298006. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் கொண்ட இந்தத் தொகுப்பில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு.

ஏன் தூங்கியது, ஏன் எழுந்தது?

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா ஆகிய மூவரும் 2001 மே மாதம் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அம்மாவின் சிகிச்சைக்கு டாக்டரைத் தேடி, காப்பீட்டைச் சரிபார்த்து, பிள்ளைகளின் வேலை நேரத்துக்கு ஏற்ப அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுக்கும் மென்பொருள் ஏஜென்ட்டுகளை அதில் கற்பனை செய்திருந்தார்கள். இன்று எல்லா நிறுவனங்களும் விற்கும் ‘ஏஐ ஏஜென்ட்’ கனவுதான். கால் நூற்றாண்டு முன்பே!

அது நடக்க, இணையதளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் தகவலை ஒழுங்காகக் குறியிட்டுத் தர வேண்டும். யார் செய்வார்கள்? அதே ஆண்டு எழுத்தாளர் கோரி டாக்டரோவ், ‘மக்கள் பொய் சொல்வார்கள், சோம்பேறிகள்’ என்கிற ரீதியில் இந்தக் கனவைக் கிழித்துத் தொங்கவிட்டார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நடந்தது.

ஆனால் மூடிய கதவுகளுக்குள் இந்தத் தொழில்நுட்பம் பிழைத்துக்கொண்டது. 2010 உலகக் கோப்பை கால்பந்து இணையதளத்தை பிபிசி இதை வைத்துத்தான் நடத்தியது. அதே ஆண்டு மெட்டாவெப் நிறுவனத்தை வாங்கிய கூகுள், 2012 மே மாதம் ‘நாலெட்ஜ் கிராஃப்’ என்ற பெயரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. தேடினால் வலப்பக்கம் ஒரு பெட்டி வருகிறதே, அது. அக்டோபரில் விக்கிடேட்டா வந்தது. இப்போது 10 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இருக்கின்றன.

பல்கலைக்கழகங்களும் பலகையை மாற்றின. ஜெர்மனியின் ஹராால்ட் சாக் என்ற பேராசிரியர் ‘ஓபன்ஹெச்பிஐ’ தளத்தில் 2013-ல் நடத்திய இலவசப் பாடத்தின் பெயர் ‘செமான்டிக் வெப் டெக்னாலஜீஸ்’. 2020-ல் அவர் நடத்தியதன் பெயர் ‘நாலெட்ஜ் கிராஃப்ஸ்’. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான்.

வகுப்பில் என்ன நடக்கும்?

முதல் சில வாரங்கள் ஜாலி. ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் விக்கிடேட்டாவைக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். எஸ்க்யூஎல் தெரிந்தவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. ‘தமிழ்நாட்டில் பிறந்த செஸ் கிராண்ட்மாஸ்டர்கள் யார் யார்?’ என்று கேட்டு, பட்டியல் வந்ததும் ஒரு சந்தோஷம் வரும்.

பிறகு பீட்சா வரும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பீட்சா ஆன்டாலஜி’ என்ற பயிற்சியை உலகம் முழுக்க மாணவர்கள் செய்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘ப்ரோட்டெஜே’ என்ற இலவச மென்பொருளில், ‘மார்கரிட்டா பீட்சாவில் சீஸ் இருக்கிறது, தக்காளி இருக்கிறது’ என்று எழுதுவீர்கள். ‘இறைச்சியும் மீனும் இல்லாத பீட்சா சைவம்’ என்று ஒரு விதியும் எழுதுவீர்கள். பிறகு மென்பொருளிடம், ‘மார்கரிட்டா சைவமா?’ என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லாது!

பாதி வகுப்பு இங்கேதான் தலையைச் சொறியும். காரணம் இதுதான்: சீஸும் தக்காளியும் ‘இருக்கிறது’ என்று சொன்னீர்கள், வேறு எதுவும் ‘இல்லை’ என்று சொல்லவில்லையே! நீங்கள் சொல்லாத கோழி அதில் இருக்கலாம் என்றே அது வைத்துக்கொள்கிறது. ‘இவை மட்டும்தான்’ என்று தனியாக ஒரு வரி சேர்த்த பிறகே சைவம் என்று ஒப்புக்கொள்ளும். இதற்கு ‘திறந்த உலக அனுமானம்’ என்று பெயர்.

பிடிவாதம் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரயில் சார்ட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால் சீட் இல்லை; அங்கே விவாதமே கிடையாது. அதே சமயம், நோயாளியின் ஃபைலில் பென்சிலின் அலர்ஜி பற்றி எதுவும் எழுதவில்லை என்பதற்காக, அவருக்கு அந்த அலர்ஜி இல்லை என்று ஊசி போட முடியுமா? வழக்கமான டேட்டாபேஸ் ரயில் சார்ட் மாதிரி சிந்திக்கிறது. செமான்டிக் வெப், நோயாளியின் ஃபைல் மாதிரி. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்று தெரிவதுதான் இந்தப் பாடத்தின் பெரிய லாபம் என்பேன். எந்த டூலை மாற்றினாலும் அது கையோடு வரும்.

அடுத்து வரும் தர்க்கவியல் வாரங்கள் கடினம், மறைக்க வேண்டாம். விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கணினி பதில் கண்டுபிடிக்க எடுக்கும் நேரம் எக்குத்தப்பாக எகிறும். ஸ்னோமெட் போன்ற பெரிய தொகுப்புகள், வேகமாக வேலை நடக்க வேண்டும் என்பதற்காகவே எளிமையான விதிகளோடு நின்றுகொள்கின்றன.

நம்ம பெயர் எந்தக் கட்டத்தில் வரும்?

தமிழ் மாணவர்கள் இந்தப் பாடத்தில் ஒரு படி முன்னால் நிற்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்துக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்ற அனுபவம் நமக்கு உண்டே!

விஸ்வநாதன் ஆனந்தை எடுத்துக்கொள்வோம். ஆனந்த் என்பதுதான் அவர் பெயர். விஸ்வநாதன் அப்பா பெயர். ரமேஷ்பாபு பிரக்ஞானந்தாவும் அப்படித்தான். இணையதளங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்கீமா டாட் ஆர்க் சொல் தொகுப்பில் மனிதருக்கு ‘கிவன் நேம்’, ‘ஃபேமிலி நேம்’ என்று இரண்டு கட்டங்கள். முதலில் வருவதைச் சொந்தப் பெயர், அடுத்ததைக் குடும்பப் பெயர் என்று ஒரு மென்பொருள் நிரப்பினால் என்ன ஆகும்? அப்பா பெயர் மகனுக்குப் போய்விடும். ‘ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் உறவினராக இருக்கலாம்’ என்று எவரோ விதி எழுதியிருந்தால், ஊரில் உள்ள ஆனந்துகள் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

வங்கியில் கேஒய்சி சரிபார்க்கும்போது இதே தப்பு நடந்தால் சிரிக்க முடியாது. பணம் நின்றுவிடும். உலகத்தை எந்தக் கட்டங்களாகப் பிரிப்பது என்று முடிவு செய்பவர்களின் ஊர்ப் பழக்கம், மற்ற எல்லார் மேலும் விதியாக இறங்குகிறது. அந்த மேசையில் நம் ஊர்க்காரர்களும் உட்கார வேண்டும்.

ஏஐயே செய்துவிடாதா?

நியாயமான கேள்வி. ஒரு ஆவணத்தைக் கொடுத்தால் அதிலிருந்து மூன்று சொல் தகவல்களைப் பெரிய மொழி மாதிரிகள் நொடிகளில் உருவிக் கொடுத்துவிடுகின்றன. ஸ்பார்க்கிளும் எழுதுகின்றன. 2024-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘கிராஃப்ராக்’ இதையே அடிப்படையாகக் கொண்டது: முதலில் ஆவணங்களிலிருந்து கிராஃபை உருவாக்கு, பிறகு அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு பதில் சொல்.

ஆக, கையால் தகவல் நிரப்பும் வேலைக்கு எதிர்காலம் இல்லை. ஆனால் ஒரு வங்கியில் ‘வாடிக்கையாளர்’ என்றால் யார்? கடன் பிரிவுக்கு, கடன் வாங்கியவர். கார்டு பிரிவுக்கு, கூடுதல் கார்டு வைத்திருக்கும் மனைவியும் சேர்த்தி. ஜாமீன் போட்டவர்? இதை மாதிரி ஊகிக்கலாம், முடிவு செய்ய முடியாது. மூன்று பிரிவுகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, சண்டை போட்டு, எழுதி வாங்க வேண்டும். பிறகு, ஏஐ உருவிய தகவல் அந்த முடிவுக்கு ஒத்துவருகிறதா என்று சோதிக்கும் விதிகளையும் எழுத வேண்டும். இதற்கென்றே ‘ஷாக்கிள்’ என்ற தரநிலை 2017-ல் வந்திருக்கிறது.

கிராஃப் போட்டால் உளறல் நின்றுவிடும் என்பதும் மிகைதான். கிராஃபில் தப்பான தகவல் இருந்தால், சாட்பாட் அதே தப்பை இன்னும் தெம்பாகச் சொல்லும்.

சரி, எங்கே, எப்படிப் படிப்பது?

‘ஆன்டாலஜிஸ்ட்’ என்ற பதவிப் பெயரோடு வரும் வேலைகள் குறைவு. மருந்து, வங்கி, பதிப்பகம், மின் வணிக நிறுவனங்களில் ‘டேட்டா இன்ஜினீயர்’ என்ற பெயருக்குள்ளேயே இந்த வேலை ஒளிந்திருக்கும். அதனால் முழு முதுகலையையும் இதற்காகவே செலவழிக்கச் சொல்ல மாட்டேன். முனைவர் பட்டம் நோக்கம் என்றால் கதை வேறு. மெஷின் லேர்னிங்கோடு சேர்த்து ஒரு பாடம், ஒரு நல்ல புராஜெக்ட் போதும்.

வெளிநாடு என்றால் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (விக்கிடேட்டாவை வடிவமைத்தவர்களில் ஒருவரான மார்கஸ் க்ரோட்ஷ் அங்கேதான் பேராசிரியர்), மான்ஹைம், ஆம்ஸ்டர்டாமின் வ்ரைஜ் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. ஒரு எச்சரிக்கை: ‘ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது’ என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். மான்ஹைம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கேயே தொடங்க வேண்டும் என்றால், ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் தீபக் கெமானி நடத்திய ‘நாலெட்ஜ் ரெப்ரசன்டேஷன் அண்ட் ரீசனிங்’ பாடம் என்பிடெல்லில் இலவசமாக இருக்கிறது. டெல்லி ஐஐஐடியில் இத்துறைக்கென ஆய்வுக் குழு உண்டு. ஸ்டான்ஃபோர்டின் சிஎஸ்520 வகுப்புக் காணொளிகளும் திறந்தே கிடக்கின்றன.

சிலபஸைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். உண்மையான, குப்பையான தரவை வைத்து மாதிரி உருவாக்கச் சொல்லும் புராஜெக்ட் இருக்கிறதா? மொழி மாதிரிகளோடு இணைப்பது பற்றி ஒரு பகுதியாவது இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் 2004-ல் வந்த தரநிலைகளோடு பாடம் முடிந்துவிட்டால், அந்த கிரெடிட்டை வேறு எதிலாவது போடலாம்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒதுக்குங்கள். விக்கிடேட்டாவின் வினவல் பக்கம் மொபைலிலேயே திறக்கும். லேப்டாப் இருந்தால் வசதி. உதாரணங்கள் அங்கேயே இருக்கின்றன. ஒன்றை எடுத்து, ஊர் எண்ணை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். வரும் பட்டியலில் இருக்க வேண்டியவர் இல்லை, இருக்கக் கூடாதவர் இருக்கிறார் என்று எரிச்சல் வந்து, ஏன் என்று தோண்டத் தொடங்கினீர்கள் என்றால் பாடத்தை எடுத்துவிடலாம்.