ட்ராக் நின்றால் கையும் நிற்கலாமா?



போன வருஷக் கல்ச்சுரல்ஸ் ஞாபகம் இருக்கிறதா? மேடையில் கிட்டாரோடு நின்று, பாதிப் பாட்டில் திருதிருவென்று முழித்தானே ஒருத்தன்... அது அடியேன்தான்! கரண்ட் போச்சு. பென் டிரைவில் ஓடிக்கொண்டிருந்த ட்ராக் நின்றது. கூடவே என் கையும் நின்றுவிட்டது. இத்தனைக்கும் என்னுடையது கரண்டே தேவைப்படாத சாதாரண மரக் கிட்டார். "என்ன மச்சி, உனக்கும் ஃபியூஸ் போயிடுச்சா?" என்று கடைசி வரிசையிலிருந்து வந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி கன்னிவாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். நான் கற்றிருந்தது இசை அல்ல. ஒரே ஒரு பாட்டின் விரல் வரிசை. அது என்ன ராகம், அடுத்து எந்த ஸ்வரத்துக்குப் போகலாம், எதுவும் தெரியாது. பதிலை நெட்டுருப் போட்டவன், வைவாவில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் முழிப்பானே, அதே கதைதான்!

எங்கள் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ராகம் வாசிக்கும்போது அவர் எதிரில் நோட்டும் இல்லை, ட்ராக்கும் இல்லை. அவ்வப்போது தோன்றுவதை வாசிக்கிறார். இதைத்தான் மனோதர்மம் என்கிறார்கள். மேல்நாட்டு ஜாஸ் இசையிலும் இதற்குத் தனி மரியாதை உண்டு. 'இதெல்லாம் கிட்டாரில் நடக்குமா?' என்று தேடியபோதுதான் 'கிட்டார்' பிரசன்னா கிடைத்தார்.

பிறந்தது ராணிப்பேட்டை. படித்தது சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல். ஆம் நண்பர்களே, அவரும் டிராயிங் போர்டு கண்டவர்தான்! அதன்பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் முறையாக இசை படித்தார். வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர். எலெக்ட்ரிக் கிட்டாரில் கீர்த்தனையும் வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார். ராக் கிட்டார் மன்னன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006-இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற ஆல்பம் வெளியிட்டார். 2009-இல் ஆஸ்கார் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' குறும்படத்துக்கு இசை அமைத்தவரும் இவரே. 2011-இல் பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மித்தாவுடன் சேர்ந்து 'தீர்த்தா' ஆல்பத்தைத் தந்தார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கிட்டாரின் கழுத்தில் ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகளைப் பதித்திருக்கிறார்கள். 648 மி.மீ. தந்தி நீளம் என்றால் முதல் ஃபிரெட் சுமார் 36 மி.மீ.யில், 12-ஆவது ஃபிரெட் சரிபாதியில், 324 மி.மீ.யில் வரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு படிக்கட்டு! ஆனால் நம் சங்கீதத்தின் உயிர் கமகம். ஸ்வரம் அசைய வேண்டும், குழைய வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும். ஆகவே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து டென்ஷனை ஏற்ற வேண்டும், அல்லது விரலைச் சறுக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் அபஸ்வரம். டாலரன்ஸ் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்களே, அது காதுக்கும் உண்டு!

இங்கேதான் நம்மில் பலர் தப்புக்கணக்குப் போடுகிறோம். 'தோன்றியதை வாசிப்பது' என்றால் இஷ்டத்துக்கு வாசிப்பது என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை. கல்பனாஸ்வரம் பாடுகிறவர் ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைத் தொடக்கூடாது, தாளத்தை விடக்கூடாது, எங்கே சுற்றினாலும் பாட்டின் எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும். இத்தனை கட்டுக்குள் நின்றுகொண்டு புதுசாக ஒன்றைச் சொல்வதுதான் சுதந்திரம். பயிற்சி இல்லாதவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. கரண்ட் போன அன்றைக்கு எனக்குக் கிடைக்காதது அதுதான்.

'வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கெதுக்கு?' என்பார்கள் சிலர். வயலின் மட்டும் எங்கிருந்து வந்ததாம்? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கையில் எடுத்தார்; இன்று வயலின் இல்லாத கச்சேரியைத் தேட வேண்டியிருக்கிறது. மாண்டலினைச் சின்ன வயதிலேயே கச்சேரி மேடையேற்றினார் யு. சீனிவாஸ். 2014-இல் 45 வயதில் அவர் மறைந்தபோது அதை அந்நிய வாத்தியம் என்று யார் சொன்னார்கள்? வாத்தியத்துக்கு ஊர் கிடையாது, வாசிக்கிறவனுக்குத்தான் உண்டு.

'முதல்ல பாஸ் பண்ற வழியைப் பாருடா' என்பது அடுத்த கட்சி. எங்கள் அப்பாவும் இந்தக் கட்சிதான்! மேத்ஸ்-2-ல் அரியர் விழுந்ததும் கிட்டார் பரண்மேல் ஏறிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபீஸ் கட்டுகிற கை எது என்று எனக்குத் தெரியும். பேப்பரை கிளியர் பண்ணிய பிறகுதான் கேட்டேன். அவரே ஏணி வைத்து இறக்கித் தந்தார். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: கிட்டார் பரண்மேல் இருந்த ஆறு மாதமும் நான் கூடுதலாக ஒரு பக்கம்கூடப் படித்துவிடவில்லை. செல்போன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

நம்மில் எல்லோரும் பிரசன்னா ஆக முடியாது. நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகப் போகிறவர்கள்தான் நாம். ஆனால் அங்கேயும் மெஷின் நிற்கும். மேனுவலில் இல்லாத கோளாறு வரும். அன்றைக்கு நெட்டுருப் போட்டவன் கையைக் கட்டி நிற்பான். அடிப்படை தெரிந்தவன் வழி கண்டுபிடிப்பான்.

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். வகுப்பு முடிந்தபின் பயிற்சிக்கு ஓர் அறை வாங்கித் தாருங்கள். அடுத்த கல்ச்சுரல்ஸில் ஒரு மணி நேரமாவது ட்ராக் இல்லாமல், கையால் வாசிப்பவர்களுக்கும் வாயால் பாடுபவர்களுக்கும் ஒதுக்குங்கள். தப்பு வரும், நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே!

முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் இந்தத் தடவை இறங்க மாட்டேன்.

— கன்னிவாடி மாணவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை