அடுப்பு தொடாத அம்பரெல்லா

கொழும்பு காலிமுகத்திடலில் வெயில் தாழ்ந்ததும் தள்ளுவண்டிகள் வரிசை கட்டிவிடும். ஒரு வண்டியில் இறால் வடை பொரியும். அடுத்த வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் மாங்காயும் அன்னாசியும் மிளகாய்த்தூள் பூசிச் சிவந்து கிடக்கும். அவற்றின் நடுவே ஓரம் பச்சையாய், உள்ளே வெளுத்த துண்டுகள் தெரிந்தால் அதுதான் அம்பரெல்லா. அங்குள்ள தமிழர் அம்பரலங்காய் என்பார்கள். மாங்காய் எந்த ஊரிலும் கிடைக்கும். கொழும்புக்குப் போகிறவர் முதலில் கை நீட்ட வேண்டியது இதற்குத்தான்.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் இந்தக் காயைப் பார்ப்பது அபூர்வம். மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. பிறந்த இடம் பசிபிக் தீவுகள். காய் முட்டை வடிவில், 6 முதல் 9 சென்டிமீட்டர் நீளத்தில், நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும். பச்சையாக இருக்கும்போதே உதிர்ந்து, தரையில் கிடந்து பொன்னிறமாகப் பழுக்கும். பழுத்தால் மணம் தூக்கும். ஆனால் சதை குழைந்து நார் பல்லில் மாட்டும். வண்டிகளில் விற்பதுபோல உப்பும் மிளகாயும் பிசறிச் செய்யும் அச்சாறுக்கு அது சரிப்படாது. நன்றாக முற்றியும் பச்சை மாறாத காய்தான் வேண்டும்.

வேலையே வெட்டுவதில்தான் இருக்கிறது. தோலில் லேசான பிசின் வாடை உண்டு; அதைச் சீவிவிட வேண்டும். மாங்காயைப்போல நடுவில் கத்தியை இறக்கினால் பாதியில் நின்றுவிடும். உள்ளே இருப்பது வழுவழுப்பான கொட்டை அல்ல. முள்ளம்பன்றி சிலிர்த்ததுபோல அதிலிருந்து விறைத்த நார்கள் சதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவசரமாகக் கடித்தால் ஈறில் குத்தும். காம்புப் பக்கம் மேலே இருக்க நிமிர்த்தி வைத்து, ஓரமாக மேலிருந்து கீழே சீவிக்கொண்டே வர வேண்டும். கத்தி முனை கரகரவென்று உரசும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மிஞ்சும் கொட்டையில் ஒட்டிய சதையைச் சப்புவது தனிச் சுகம். அதற்கு நிதானம் வேண்டும்.

ஐந்தாறு காய்க்கு ஒரு தேக்கரண்டி உப்பு. முதலில் உப்பை மட்டும் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் விட்டுவிடுவது நல்லது. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும்; கிண்ணத்தின் அடியில் அந்தப் புளிநீர் ஊறி நிற்கும். அதில் கொரகொரப்பாக இடித்த செத்தல் மிளகாய், கொஞ்சம் மிளகுத்தூள், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துக் குலுக்கினால் துண்டுகளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பாகு படியும். வினாகிரி அரைக் கரண்டிக்கு மேல் போகக் கூடாது. தாராளமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. காயின் சொந்தப் புளிப்பு அதில் காணாமல் போகும். பாத்திரம் கண்ணாடியாகவோ மண்சட்டியாகவோ இருக்கட்டும். அலுமினியத்தில் புளிப்பு ஏறினால் ருசி கெடும்.

இலங்கையில் இதே காயைத் தேங்காய்ப்பாலும் கறுவாவும் சேர்த்துக் கறியாகவும் வைப்பார்கள். அருமையான கறிதான். ஆனால் நெருப்புப் பட்டதும் நறுக்கென்று கடிபடும் அந்த மொறுமொறுப்பு போய்விடும். அச்சாறின் உயிரே அதில்தான்.

கடல் கடந்த பல ஊர்களிலும் உப்பும் உறைப்பும் இந்தக் காயை விட்டுப் பிரிவதில்லை. மொரீசியஸில் இதைப் புளிக்கரைசலும் மிளகாயும் சேர்த்துச் சந்தையில் விற்கிறார்கள். கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட்டில் பூண்டு, உப்பு, காரமான மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுப் பிசறினால் அதற்குப் பெயர் 'சௌ'. அதில் தவறாமல் சேரும் நீண்ட இலைக் கீரையை அங்குள்ள இந்திய வம்சாவளியினர் 'பந்தனியா' என்கிறார்கள். காட்டுக் கொத்தமல்லி என்று பொருள். 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேச்சில் இருந்து வந்த சொல் அது.

காய்க்கு டிரினிடாட்டில் வழங்கும் பெயர் 'பொம்சிட்டே'. பிரெஞ்சில் 'சித்தேராவின் ஆப்பிள்'. 1768-ல் தஹீத்தியில் இறங்கிய பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில், காதல் தெய்வம் பிறந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தீவான சித்தேராவை நினைத்துத் தஹீத்திக்குப் புதிய சித்தேரா என்று பெயர் சூட்டினார். தஹீத்தியில் விளைந்த பழத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

வீட்டில் வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் குட்டை ரகம் உண்டு. இலங்கையில் அதைத் தொட்டியிலேயே வைத்துக் காய் பறிக்கிறார்கள். கேரள நாற்றுப்பண்ணைகளில் 'மதுர அம்பழம்' என்று கேட்டால் கன்று கிடைக்கும். அம்பழம் என்று மட்டும் சொன்னால் அதே பேரினத்தின் காட்டு மரத்தை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். அது ஓங்கி வளரும், தொட்டிக்கு ஆகாது.