44 ஆண்டுத் தாமதம்

தைராய்டு குறைபாட்டுக்கு மருந்து 1891-லேயே கிடைத்துவிட்டது. அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று 1956-ல்தான் புலப்பட்டது. நடுவே கழிந்த காலம் இன்றும் நமக்குப் பாடம் சொல்கிறது.

நடுவயதுப் பெண்கள் சிலரின் முகம் ஊதி, நாக்கு தடித்து, பேச்சு மந்தமாவதை 1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் எழுதிவைத்தார். 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே, செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை இத்தகைய நோயாளி ஒருவருக்கு ஊசிமூலம் செலுத்தினார். 46 வயதான அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அவருடைய சுரப்பி ஏன் செயலிழந்தது என்று எவரும் அறியவில்லை.

அதற்கான தடயத்தை 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ கண்டார். நான்கு பெண்களுக்கு அறுவை செய்து எடுத்த தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஊடுருவியிருந்தன. இது புதிய நோய் என்று ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதி, பெர்லின் ஆய்விதழில் வெளியிட்டார். மேலைநாட்டு அறிஞர்கள் பலர் அதை ஜெர்மன் மருத்துவர் ரீடல் விவரித்த வேறொரு தைராய்டு நோயின் தொடக்க நிலை என்றே கருதினர். அது தனி நோய்தான் என்று 1931-ல் அமெரிக்காவின் ஆலன் கிரகாம் வாதிட்டார். ஹாஷிமோட்டோவோ சொந்த ஊரான இகாவுக்குத் திரும்பி, ஊர் மருத்துவராகவே வாழ்ந்து, 1934-ல் டைஃபாய்டு காய்ச்சலில் மறைந்தார்.

உடல் தன்னையே தாக்காது என்ற எண்ணம் அன்று மருத்துவ உலகில் ஊறிப்போயிருந்தது. 1956-ல் அது தகர்ந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விடெப்ஸ்கியும் முயல்களுக்குத் தைராய்டுச் சாற்றைச் செலுத்தி, அவற்றின் சுரப்பி அழற்சியடைவதைக் காட்டினர். லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், பீட்டர் கேம்பெல் மூவரும் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டுபிடித்தனர். ஹாஷிமோட்டோ 1912-ல் விவரித்த நோயின் காரணம் விளங்க 44 ஆண்டுகள் ஆயின. கருவிகள் போதாததும் ஒரு காரணம்தான்; ஆனால் கண்ணெதிரே இருந்ததை ஏற்க மறுத்த மனமும் அதற்குப் பொறுப்பு.

இன்று அந்தத் தடைகள் இல்லை. டி.எஸ்.எச்., டி4 ரத்தப் பரிசோதனைகள் குறைபாட்டைக் காட்டும், டி.பி.ஓ. ஆன்டிபாடி காரணத்தைச் சுட்டும். குறைபாடு உறுதியானால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் மாத்திரை. அளவைச் சரிபார்க்க அவ்வப்போது மறுபரிசோதனை. ஆன்டிபாடி மட்டும் இருந்து சுரப்பி நன்றாக இயங்கினால், பெரும்பாலும் மாத்திரை வேண்டாம், கண்காணித்தால் போதும். கர்ப்பிணிகளிடம் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையும் நம்பியிருக்கிறது.

ஆண்களைவிடப் பெண்களையே ஹாஷிமோட்டோ நோய் பல மடங்கு அதிகம் தாக்குகிறது. ஆனால் ஓயாத அசதி, முடி உதிர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு என்று பெண்கள் சொல்லும்போது, "வயசாயிடுச்சு", "வேலை அதிகம்" என்று நம் வீடுகள் கடந்துபோகின்றன. எல்லா அசதியும் தைராய்டு அல்ல. ஆனால் நீடிக்கும் அசதியைச் சோதித்துப் பார்க்காமல் ஒதுக்குவது தவறு. அறியாமையால் நேர்ந்த தாமதத்தை வரலாறு மன்னிக்கலாம். அறிந்தபின் நாம் செய்யும் தாமதத்துக்கு மன்னிப்பில்லை. வீட்டில் ஒரு பெண் "முடியல" என்று தொடர்ந்து சொன்னால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.