களம் யாருக்கு?

உயிரியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளை வெளிநாட்டுக் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிப்போய், கையால் தொட்டுக் கள ஆய்வு செய்யவைக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல காரியம். காட்டூரிலிருந்து நாம் கேட்பது ஒன்றுதான்: யார் வீட்டுப் புள்ள விமானம் ஏறும்?

விமானக் கட்டணம், விசா, சாப்பாடு எல்லாம் மாணவரே கட்டணும் என்றால் பட்டியல் அப்போதே முடிந்துபோயிற்று. தகுதி பார்த்தோம் என்று பிறகு சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்தது மடியை.

அரசு உதவி இருக்கிறதே என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மத்திய அரசின் 2021 விதிப்படி, வீட்டிலிருந்து போய்வந்து சாதாரணப் பட்டப்படிப்பு படிக்கிற தலித் மாணவருக்குக் கல்விப் படி ஆண்டுக்கு 3000 ரூபாய். அதுவும் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிற புள்ள மூன்று வாரம் வெளிநாடு போய்வர எந்தக் கதவைத் தட்டும்?

இன்னொரு கதை கேளுங்கள். 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே காட்டை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். அழைத்ததில் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் உண்டு. தடம் பார்த்து, எச்சம் பார்த்து, புதருக்குள் புகுந்து எட்டே நாளில் 13 பாம்பு பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் உள்ள, 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. கடல் கடந்து போன கள ஆய்வு இதுதானய்யா! ஆனால் எத்தனை விலங்கியல் துறைகள் ஓர் இருளரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக உட்காரவைக்கும்? வழிகாட்டக் கூப்பிடுவார்கள், பேர் போடமாட்டார்கள்.

வயல் நண்டு எந்த வளையில் இருக்கும், பாம்பு எதில் இருக்கும் என்று நம்ம சேரிப் புள்ளைக்குத் தெரியும். அதைச் சொன்னால் "அப்படியானால் உள்ளூர்க் களமே உங்களுக்குப் போதுமே" என்று நைசாக ஒதுக்குவார்கள். போதாது. நாங்க வரப்போட நிக்க, நீங்க மட்டும் கடல் தாண்டவா? பவளப்பாறையையும் மழைக்காட்டையும் பார்க்கிற உரிமை எங்க புள்ளைக்கும் உண்டு.

ஆகவே கல்லூரிகளுக்குச் சொல்கிறோம். பயணத்துக்கு மதிப்பெண்ணோ சான்றிதழோ உண்டு என்றால் செலவைக் கல்லூரியே ஏற்கட்டும். முடியாதென்றால் மதிப்பெண் போடாதே. போனவர் யார், எந்தச் சமூகம், பணம் யார் கட்டியது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டு. அரசும் இளங்கலை மாணவரின் களப் பயணத்தை உதவித்தொகையில் சேர்க்கட்டும்.

இதைச் செய்யாமல் நடத்துவதற்குப் பேர் ஆய்வு இல்லை. காசுள்ளவன் வீட்டுச் சுற்றுலா.